வாசல் தரைக்கு பர்சனல் லோன் வேண்டாம்: ஆம்பூர், வேலூர் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரு உப்புக் கணக்கு

மியூச்சுவல் ஃபண்டு, டெர்ம் இன்சூரன்ஸ்னு பேசிட்டு இருந்தவன் திடீர்னு சிமெண்ட் தரையைப் பத்தி எழுதறானேன்னு நினைக்காதீங்க. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்துல வேலை பார்க்கற தம்பி தங்கச்சிங்ககிட்ட இருந்து ஒரே கேள்வி வேற வேற ரூபத்துல வந்துட்டே இருக்கு. "அப்பா கட்டின வீடு. முன்வாசல் சிமெண்ட் தளம் வெள்ளை வெள்ளையா பூத்து, பொரிஞ்சு, மழைக்காலத்துல பாசி பிடிச்சு வழுக்குது. மேல டைல்ஸ் போட்டுடலாம்னு மேஸ்திரி சொல்றாரு. பர்சனல் லோன் எடுக்கலாமா ப்ரோ?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். எடுக்காதீங்க. பத்துல ஒன்பது வீட்டுக்கு அந்த டைல்ஸ் தேவையே இல்ல. தேவைப்படறது வருஷத்துக்கு ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமையும், தினமும் வாசல்ல எந்தத் தண்ணியை ஊத்தறோம்ங்கற கவனமும்தான்.

முதல்ல லோன் கணக்கு. 600 சதுர அடி வாசல்னு வச்சுக்குவோம். டைல்ஸ், சிமெண்ட், கூலி எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 100 ரூபாய்னு ஒரு பேச்சுக்குப் போட்டா 60,000. உங்க ஊர் ரேட் கூடக் குறைய இருக்கலாம், அதை நீங்க மாத்திப் போட்டுக்கங்க. 14 சதவீத வட்டியில 24 மாசத்துக்கு லோன் எடுத்தா இஎம்ஐ ஏறக்குறைய 2,881 ரூபாய். கட்டி முடிக்கும்போது 69,000-ஐத் தாண்டிடும். ப்ராசஸிங் ஃபீஸ் தனி. இதுவரைக்கும் சாதாரண விஷயம். கொடுமை என்னன்னா, நம்ம பெல்ட்ல தரை கெட்டுப்போறதுக்கான காரணம் அந்த டைல்ஸுக்குக் கீழ அப்படியே இருக்கும். லோன் முடியறதுக்குள்ள டைல்ஸ் ஜாயிண்ட்ல வெள்ளை எட்டிப் பார்க்கும்.

அந்தக் காரணம் உப்பு.

போர் தண்ணியில இருக்கற உப்பை அளக்க டிடிஎஸ்னு ஒண்ணு சொல்லுவாங்க. (இன்கம் டாக்ஸ் டிடிஎஸ் இல்லைங்க, இதை ரீஃபண்டு கேட்டு வாங்க முடியாது.) தண்ணியில கரைஞ்சிருக்கற மொத்த உப்போட அளவு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு. குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் 500-க்குள்ள இருந்தா நல்லதுங்குது. வேற வழியே இல்லைன்னா 2000 வரைக்கும் பொறுத்துக்கலாம்ங்குது. அளக்கற பேனா மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. வாங்கி உங்க வீட்டு போர்ல ஒரு தடவை வச்சுப் பாருங்க.

இப்ப பெருக்கிப் பார்ப்போம். டிடிஎஸ் 2000 இருக்கற தண்ணி, 20 லிட்டர் பக்கெட். ஒரு பக்கெட்ல 40 கிராம் உப்பு. தினமும் காலையில வாசலுக்கு ஒரு பக்கெட் ஊத்தினா வருஷத்துக்கு 14.6 கிலோ. மளிகைக் கடையில வாங்கற உப்புப் பாக்கெட் 14-ஐப் பிரிச்சு வாசல்ல கொட்டினா எப்படி இருக்கும்? எல்லாமே தங்கிடாது, பாதி சாக்கடைக்கு ஓடிடும்னே வச்சுக்கங்க. மீதி எங்க போகும்?

சிமெண்ட் தரை பார்க்கத்தான் கெட்டி. உள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரம் ஏகப்பட்டது. தண்ணி அதுக்குள்ள இறங்கும். வேலூர் வெயில் எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. தண்ணி ஆவியாகிப் போயிடும், உப்பு போகாது. அது துவாரத்துக்குள்ளயே படிகமா வளரும். வளர இடம் வேணும்ல, அதனால மேல் தோலைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் நீங்க பார்க்கற பொரிச்சல். ஊர்ல "உப்பு பூத்திருச்சு"ன்னு சொல்றாங்களே, அது ரொம்பச் சரியான வார்த்தை.

அதனால, நம்ம ஊர்ல தரையை அடிக்கடி போர் தண்ணியில கழுவறதைப் பராமரிப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். கழுவக் கழுவ உப்பு ஏத்திட்டு இருக்கோம். அதுலயும் மோசமானது ஒண்ணு இருக்கு, ஆர்ஓ வேஸ்ட் தண்ணி. இந்தப் பக்கம் ஆர்ஓ மெஷின் இல்லாத வீடு குறைவு. ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு லிட்டர் வெளிய தள்ளும். வீணாப் போகுதேன்னு அதைப் பக்கெட்ல பிடிச்சு வாசல் கழுவறோம். எண்ணம் நல்லதுதான். ஆனா நாலு லிட்டர்ல இருந்த உப்பு மொத்தமும் இப்ப மூணு லிட்டர்ல இருக்கு. 1500-ஆ உள்ள போனது கிட்டத்தட்ட 2000-ஆ வெளிய வருது. அந்தத் தண்ணி டாய்லெட்டுக்குப் போகட்டும். வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் வேண்டாம்.

அம்மாகிட்ட போய் "வாசல் தெளிக்காதீங்க"ன்னு சொல்லச் சொல்லலை. சொன்னாலும் நடக்காது. தெளிக்கற அந்த ரெண்டு சொம்பு முனிசிபாலிட்டி தண்ணியாவோ மழைத்தண்ணியாவோ இருக்கட்டும், அவ்வளவுதான். கோலம் போடற இடம் மட்டும் முதல்ல வெளுத்துப் பொரியறதைக் கவனிச்சிருப்பீங்க. தினமும் கொஞ்சமாத் தெளிச்சு, தினமும் காயற இடம் அதுதானே.

ஆசிட் பாட்டிலைக் கீழ வைங்க

சைக்கிள்லயும் டிவிஎஸ் 50-லயும் "ஆசிட், ஃபினாயில்"னு வர்றவர்கிட்ட மலிவா ஒரு பாட்டில் வாங்கி ஊத்துவோம். சுர்ருன்னு நுரை வரும். "பாரு, அழுக்கு எப்படிப் பொங்குது"ன்னு சந்தோஷப்படுவோம். பொங்கறது அழுக்கு இல்லைங்க, உங்க சிமெண்ட். அந்த பாட்டில்ல இருக்கறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமெண்ட்ல இருக்கற சுண்ணாம்புச் சத்தை அது கரைக்குது. வெள்ளை போயிடும், தரை பளிச்சுன்னு ஆகும், ஒரு மாசம் நல்லா இருக்கும். ஆனா மேல் தோல் போனதால மணல் தெரிய ஆரம்பிக்கும், சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்புல அடுத்த மழைக்குப் பாசி இன்னும் நல்லாப் பிடிக்கும். போதாக்குறைக்கு அந்த அமிலம் விட்டுட்டுப் போற கால்சியம் குளோரைடு காத்துல இருக்கற ஈரத்தையே இழுக்கக்கூடியது. உப்பை எடுக்கறேன்னு இன்னொரு உப்பை உள்ள வச்சிட்டீங்க. கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டற கதைதான்.

இதைவிட முக்கியம், ஆசிட் ஊத்தின இடத்துல ப்ளீச்சிங் பவுடரைப் போடவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். டேனரி தொட்டியைச் சுத்தம் பண்ண இறங்கி விஷவாயுவுல ஆள் போன செய்தி நம்ம பக்கத்துக்குப் புதுசில்ல. வீட்டு வாசல்ல அந்த ஆபத்தை நாமளே ஏன் கலக்கணும்?

சரி, வேற எப்படித்தான் சுத்தம் பண்றது? ஏப்ரல், மே மாசம் தரை நல்லாக் காய்ஞ்சு வெள்ளை வெளிய வந்திருக்கும்போது, தண்ணியே தொடாம, காஞ்ச தரையில தென்னந்துடைப்பம் இல்லைன்னா கெட்டி நைலான் பிரஷ் போட்டுத் தேய்ங்க. வர்ற வெள்ளைப் பொடியை முறத்துல அள்ளிக் குப்பையில போடுங்க. தண்ணி விட்டு அலசினா அது கரைஞ்சு திரும்ப உள்ளயே இறங்கும். நிறைய பேர் தப்பு பண்ற இடம் இதுதான். தேய்ச்சு வர்றது போக ஒட்டிக்கிட்டு இருக்கற கெட்டி வெள்ளை, சிமெண்ட்டோட சொந்தச் சுண்ணாம்பு வெளிய வந்து இறுகினது. பார்க்க அசிங்கமா இருக்குமே தவிர பெரிய கேடு கிடையாது, விட்டுடுங்க.

அப்புறம் மழை. நமக்கு உப்பில்லாத தண்ணி இலவசமாக் கிடைக்கறது அப்ப மட்டும்தான். முதல் நல்ல மழை பெய்யும்போதோ, விட்ட உடனேயோ பிரஷ் எடுத்துத் தள்ளுங்க. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பாரு, பரவாயில்ல. மொட்டை மாடி குழாய்க்குக் கீழ 200 லிட்டர் டிரம் ஒண்ணு வைங்க. 1,000 சதுர அடி மாடியில 10 மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சாலே 900 லிட்டருக்கு மேல வரும், ஒரே மழையில டிரம் ரொம்பிடும். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டுல கட்டாயமாக்கினது 2003-ல. பல வீட்டுல அந்தக் குழாய் இன்னைக்கு எங்க போய் முடியுதுன்னே தெரியாது, அதையும் ஒரு தடவை பாருங்க. டிரம் விஷயத்துல ஒரு எச்சரிக்கை: நம்ம ஏரியாவுல மலிவா விக்கற நீல டிரம் எதுல இருந்து வந்ததுன்னு கேளுங்க. தோல் கெமிக்கல் வந்த டிரம்மா இருந்தா வேண்டாம், புதுசு வாங்குங்க.

பாசிக்கு ப்ளீச்சிங் பவுடர் போதும், ஆனா அளவா. பிளாஸ்டிக் பக்கெட்ல கரைச்சு, தெளிய விட்டு, மேல் தண்ணியை மட்டும் பாசி மேல ஊத்தி, கால் மணி நேரம் கழிச்சுத் தேய்ச்சு, டிரம்ல இருக்கற மழைத்தண்ணியில அலசுங்க. கையில கிளவுஸ். அதுவும் குளோரின் சமாச்சாரம்தான்ங்கறதால வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம். பாசி திரும்பத் திரும்ப ஒரே இடத்துல வந்தா அங்க தண்ணி தேங்குதுன்னு அர்த்தம். அதுக்கு மருந்து ப்ளீச்சிங் இல்ல, வாட்டம். பத்து அடிக்கு ஒண்ணேகால் இஞ்ச் சரிவு இருந்தா தண்ணி தானா ஓடும். பள்ளமான அந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசச் சொல்லுங்க. மேஸ்திரி "மொத்தமாப் போட்டுடலாம் சார்"னுதான் சொல்வாரு. அவருக்கு அதுதான் லாபம்.

விரிசலை ஜனவரி, பிப்ரவரியில பார்த்துக்கங்க. தூசி தட்டி, பாலிமர் கலந்த ரெடிமேட் பேஸ்ட் வாங்கி அடைக்கறது யூடியூப் பார்த்து நீங்களே செய்யக்கூடிய வேலை. பைக் ஆயில் சிந்தினா உடனே மரத்தூள் போட்டு உறிஞ்ச விட்டு, அப்புறம் சோப்புத்தூள். இதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.

டைல்ஸ் மேல எனக்கு என்ன கோபம்?

ரெண்டு கோபம். கீழ உப்பும் ஈரமும் இருக்கற தரை மேல டைல்ஸ் ஒட்டினா, ஈரம் வெளிய வர ஜாயிண்ட்டைத்தான் தேடும். ஒட்டின கலவையை உப்பு விட வைக்கும். காலால தட்டினா டொக்கு டொக்குனு சத்தம் வரும். பெயிண்ட் மாதிரி படலமா ஒட்டற கோட்டிங்குக்கும் இதே கதிதான், கொப்புளம் போட்டு உரியும். ரெண்டாவது, பளபள டைல்ஸ் ஈரமானா வழுக்கும். வாசல்ல அதிகம் நடக்கறது நீங்க இல்ல. நீங்க காலையில ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போயிடறீங்க, இல்லைன்னா பெங்களூர்ல இருந்து வாரக்கடைசியில வர்றீங்க. பால் வாங்க, கோலம் போட, துணி காயப்போட நடக்கறது அம்மா. கீழ விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா ஆபரேஷன் செலவுக்கு க்ளெய்ம் போடலாம், அதுவும் உங்க கம்பெனி பாலிசியில பெத்தவங்க பேர் இருந்தா. பழைய மாதிரி நடக்கறதுக்கு க்ளெய்ம் ஃபார்ம் கிடையாது. சொரசொரப்பான, பாசி இல்லாத பழைய சிமெண்ட் தரைதான் இந்த விஷயத்துல டைல்ஸை விட நல்ல தரை.

விதிவிலக்கு உண்டு. தளம் துண்டு துண்டா உடைஞ்சு, ஒரு பக்கம் மண்ணுக்குள்ள இறங்கியிருந்தா, உடைச்சுட்டுப் புதுசாப் போடறதுதான் வழி. அப்படிப் போடும்போது மேஸ்திரிகிட்ட மூணு விஷயத்துல விட்டுக்கொடுக்காதீங்க. கலவைக்கும் கியூரிங்குக்கும் உங்க போர் தண்ணியை எடுத்தா முதல் நாளே உப்பு உள்ள போயிடும். நல்ல தண்ணி லாரி ஒண்ணு சொல்லுங்க, அந்தக் காசு வீணில்ல. நம்ம வெயிலுக்குப் பத்து நாளாவது ஈரம் காயாம கியூரிங் இருக்கணும். கடைசியில பளபளப்புக்காக மேல காஞ்ச சிமெண்ட்டைத் தூவித் தேய்க்கறதை வேண்டாம்னு சொல்லுங்க, முதல்ல உரியறது அந்தத் தோல்தான்.

மொட்டை மாடி வேற கதை. வாசல் தளத்துல பெரும்பாலும் கம்பி இருக்காது, மாடித் தளத்துல இருக்கு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 456 கலவைத் தண்ணியில குளோரைடு எவ்வளவு இருக்கலாம்னு சொல்லும்போது, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை விடுது. கம்பி இருந்தா 500-தான். ஏன் நாலு மடங்கு கறார்? குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு ஊதும், ஊதினா கான்கிரீட் கீழ பெயரும். அதனால வாசல்ல ஆசிட் ஊத்தினா நஷ்டம், மாடியில ஊத்தினா ஆபத்து. உங்க தாத்தா காலத்து வீடா இருந்தா மேல சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி, கடுக்காய்த் தண்ணி போட்டு இடிச்ச தளமா இருக்கலாம். (தோல் பதனிடவும் இதே கடுக்காயைத்தான் பயன்படுத்தினாங்க. நம்ம ஊர்ல ஒரே காய் தோலையும் காப்பாத்தியிருக்கு, கூரையையும் காப்பாத்தியிருக்கு.) அந்தச் சுண்ணாம்புத் தளத்து மேல சிமெண்ட் பூசி மூடாதீங்க, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆளைத் தேடிப் பிடிங்க.

இப்ப உங்க மனசுல இருக்கற கேள்விக்கு வர்றேன். "தண்ணியைக் கெடுத்தது யாரோ, செலவு மட்டும் நானா?"

நியாயமான கோபம். 1996 ஆகஸ்ட் 28-ல வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குல உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகள்ல இன்னைக்கும் பாடம். மாசுபடுத்தினவனே செலவை ஏத்துக்கணும்ங்கற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு சொன்னது அந்தத் தீர்ப்புதான். டேனரி பெல்ட்ல கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமப் போச்சுன்னு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் பார்த்த முதல்கட்டக் கணக்கும் அதுல வருது. முப்பது வருஷம் ஆகப்போகுது. 2025 ஜனவரி 30-ல அதே உச்ச நீதிமன்றம் பாலாறு மாசு பத்தித் திரும்பவும் ஒரு தீர்ப்பு சொல்லி, பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீட்டைக் கொடுத்துட்டு மாசுபடுத்தினவங்ககிட்ட வசூல் பண்ணுங்கன்னு அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த இழப்பீட்டுப் பேச்சுல வீட்டு வாசல் வரவே இல்ல. வரும்னு காத்திருக்கவும் முடியாது. இன்னொரு பக்கம், எல்லா உப்பும் டேனரியால வந்ததுன்னு சொல்லிட முடியாது. பாறை பூமி, வத்திப்போன பாலாறு, வருஷா வருஷம் ஆழமாப் போற போர், எல்லாம் சேர்ந்ததுதான். இதைப் படிக்கறவங்கள்ல பல பேரோட சம்பளம் ஷூ கம்பெனியில இருந்தோ தோல் கம்பெனியில இருந்தோதான் கிரெடிட் ஆகுது. நான் அதைக் குத்திக்காட்டலை. அந்தச் சம்பளத்துல ஒரு பகுதி சத்தமில்லாம வாசல்ல கரையுது, அதை யாரும் செலவுன்னு எழுதறதில்லைங்கறதுதான் என் வருத்தம். இன்சூரன்ஸும் உதவாது. 2021-ல வந்த பாரத் கிருக ரக்ஷா மாதிரி வீட்டு பாலிசியெல்லாம் தீ, வெள்ளம், புயல்னு திடீர்னு வர்ற சேதத்துக்குத்தான். கொஞ்சம் கொஞ்சமாத் தேயறதுக்கு இல்ல.

அதனால பணத்தை இப்படிப் பிரிங்க. மாசம் 400 ரூபாய், தனி ஆர்டி, பேர் "வீட்டுத் தரை". வருஷத்துக்கு 4,800. பிரஷ், ப்ளீச்சிங் பவுடர், விரிசல் பேஸ்ட், கூட ஒரு ஆளுக்கு ரெண்டு நாள் கூலி இதுக்குள்ள முடிக்கப் பாருங்க. மீதியை எடுக்காதீங்க, சேரட்டும். வாட்டம் சரி பண்ற வேலை ஒரு வருஷம் வரும். கட்டியிருக்க வேண்டிய இஎம்ஐ 2,881-ல 400 போக மிச்சம் 2,481. அதை எந்த எஸ்ஐபில போடறதுன்னு நம்ம வீடியோக்கள்லயே நிறையப் பேசியாச்சு. வீடு அப்பா பேர்ல இருந்து அண்ணன், தங்கை எல்லாரும் சம்பாதிக்கறீங்கன்னா அந்த 400-ஐப் பங்கு போட்டுக்கங்க. தொகை சின்னதா இருக்கும்போது பேசிடறது நல்லது, 60,000 வந்த பிறகு பேசினா சண்டைதான் வரும்.

வேலூர் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வாடகைக்கு இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி கட்டமைப்பு ரிப்பேர் ஓனர் பொறுப்பு, வடிகால் சுத்தம் மாதிரி அன்றாட விஷயம் உங்க பொறுப்பு. அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதியிருக்கான்னு மட்டும் பார்த்துக்கங்க. குடி போகும்போதே தரையையும் மாடியையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிச்சா அந்தப் போட்டோதான் பேசும்.

கடைசியா, மாடித் தளத்துக்குக் கீழ் பக்கம், அதாவது உங்க ரூம் சீலிங்ல, பழுப்பு நிறத்துல கோடு கோடாக் கறை தெரிஞ்சாலோ, சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிஞ்சாலோ, நான் மேல சொன்ன பிரஷ், டிரம் எதுவும் அதுக்கு இல்ல. மேஸ்திரியையும் கூப்பிடாதீங்க. ஒரு சிவில் இன்ஜினியருக்கு விசிட் ஃபீஸ் கொடுத்து இந்த வாரமே காட்டுங்க. அந்தச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்டை உடைச்சாலும் நான் திட்ட மாட்டேன்.